நான்கு ஆல்பங்களில் உருமாறிய இசைக்குழு: செர்பிய மெட்டல் இசையின் முன்னோடி 'கோர்டி'

1981-ஆம் ஆண்டு, அன்றைய யூகோஸ்லாவியாவின் தலைநகரான பெல்கிரேடைச் சேர்ந்த இசைக்குழுக்களிடமிருந்து எதிரெதிர் திசைகளில் பயணித்த இரண்டு இசைத்தட்டுகள் வெளியாகின. 'பாக்கெட் அரஞ்ச்மான்' என்ற முதல் தொகுப்பில் மூன்று இளம் குழுக்கள் இடம்பெற்றன. அதன் குட்டைப் பாடல்களும் கிண்டலான வரிகளும் 'புதிய அலை' என்ற பெயரில் ஒரு தலைமுறையையே ஈர்த்தன. மற்றொன்று, 'கோர்டி' என்ற குழு வெளியிட்ட 'பாக்லெனி டிரியோ'. 'நரக மூவர்' என்பது அதன் பொருள். கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ் ஆகிய மூன்றை மட்டுமே கொண்டு, அந்நாடு அதுவரை அதிகம் கேட்டிராத கனத்துடன் அந்த ஆல்பம் ஒலித்தது.

நகரமும் பத்திரிகைகளும் முதலாவது இசைத்தட்டைக் கொண்டாடின. இரண்டாவது இசைத்தட்டு ஒரு சிறு வட்டத்திலேயே சுற்றி வந்தது. ஆயினும், இன்று செர்பிய ஹெவி மெட்டல் இசையின் வரலாற்றைப் பேசுவோர் தவறாமல் திரும்பிச் செல்லும் இடம் அந்த இரண்டாவது இசைத்தட்டுதான்.

மூன்றே ஆண்டுகளுக்கு முன்பு இதே குழு கீபோர்டு இழையும் புரோகிரசிவ் ராக் இசையை வாசித்துக்கொண்டிருந்தது. அதற்கும் முன்பு, இதன் தலைவர் பெல்ஜியத்தில் ஆங்கிலத்தில் பாடி மேற்கத்திய சந்தையில் இடம்பிடிக்க முயன்றவர். ஓர் இசைக்குழு தன் ஒலியை ஏன் மாற்றிக்கொள்கிறது, அந்த மாற்றத்துக்கு அது கொடுக்கும் விலை என்ன என்பதை விளக்கும் கதை இது.

*யார் இந்த 'கோர்டி'?*

'கோர்டி' என்ற செர்பியச் சொல்லுக்கு 'பெருமிதம் கொண்டவர்கள்' என்று பொருள். கிட்டார் கலைஞரும் பாடகருமான ஸ்லாட்கோ மனோய்லோவிச் 1977-ஆம் ஆண்டு பெல்கிரேடில் இக்குழுவைத் தொடங்கினார். ஆரம்பகால அணியில் அவருடைய சகோதரர் கோரான் மனோய்லோவிச் கீபோர்டு வாசித்தார்.

குழு மொத்தம் நான்கு ஆல்பங்களை வெளியிட்டது. 1978-இல் 'சோவெக்' (மனிதன்), 1979-இல் 'கோர்டி 2', 1981-இல் 'பாக்லெனி டிரியோ', 1982-இல் 'கிரால்யிட்சா ஸ்மர்ட்டி' (மரணத்தின் அரசி). 1980-களின் நடுப்பகுதிக்குள் குழு கலைந்துவிட்டது.

ஆல்பங்களின் பெயர்களை வரிசையாகப் படித்தாலே மாற்றத்தின் போக்கு புலப்படும். 'மனிதன்' என்று தொடங்கிய பயணம் நரகத்தின் வழியாக மரணத்தின் அரசியிடம் சென்று முடிந்தது. ஆனால், இது வெறும் பெயர் மாற்றம் அன்று. முதல் ஆல்பத்தையும் நான்காவது ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்கும் ஒருவர், இரண்டும் ஒரே குழுவின் படைப்புகள் என்று எளிதில் நம்பமாட்டார்.

*கம்யூனிச நாட்டில் ராக் இசைக்கு இடம் எப்படிக் கிடைத்தது?*

யூகோஸ்லாவியா ஒரு கம்யூனிச நாடாக இருந்தாலும் சோவியத் முகாமுக்குள் இருக்கவில்லை. அதிபர் டிட்டோ 1948-ஆம் ஆண்டிலேயே ஸ்டாலினுடன் முறித்துக்கொண்டார். 1961 செப்டம்பரில் பெல்கிரேடில் நடைபெற்ற அணிசேரா நாடுகளின் முதல் உச்சி மாநாட்டில் இந்தியப் பிரதமர் ஜவாஹர்லால் நேரு பங்கேற்றதை இந்திய வாசகர்கள் அறிந்திருப்பர். கிழக்கும் மேற்கும் ஒருசேரத் தொட்டுக்கொண்டிருந்த அந்த நிலைப்பாடு, அரசியலுக்கு மட்டுமன்றி இசைக்கும் ஒரு கதவைத் திறந்துவிட்டது.

யூகோஸ்லாவியக் குடிமக்கள் மேற்கு ஐரோப்பாவுக்குப் பயணம் செய்யலாம், அங்கே வேலையும் பார்க்கலாம். எல்லைக்கு அப்பால் உள்ள இத்தாலிய நகரமான டிரியெஸ்டேவுக்குச் சென்று துணிமணி முதல் மின்சாதனங்கள் வரை வாங்கி வருவது ஒரு வழக்கமாகவே இருந்தது. பெல்கிரேடில் இருந்து வெளிவந்த 'ஜூபாக்ஸ்' என்ற ராக் இசை இதழ் 1966 முதலே வாசகர்களைப் பெற்றிருந்தது. 1975 மார்ச்சில் பிரிட்டனின் டீப் பர்ப்பிள் குழு பெல்கிரேடில் மேடையேறியது. அடுத்த ஆண்டு, ரோலிங் ஸ்டோன்ஸ் குழு ஜாக்ரெப் நகரில் நிகழ்ச்சி நடத்தியது.

இருந்தபோதிலும், எல்லாக் கதவுகளும் திறந்திருக்கவில்லை. இசைத்தட்டு வெளியீடு அரசு சார்ந்த சில நிறுவனங்களின் கையில் இருந்தது. ஜாக்ரெப் நகரின் 'யூகோட்டன்', பெல்கிரேடு வானொலி - தொலைக்காட்சி நிறுவனத்தின் 'பி.ஜி.பி.-ஆர்.டி.பி.' ஆகிய இரண்டும் அவற்றுள் பெரியவை. 1970-களின் தொடக்கத்தில், தரம் குறைந்தவை என்று கருதப்படும் வெளியீடுகளுக்குக் கூடுதல் வரி விதிக்கும் சட்டமும் வந்தது. எது கலை, எது மலிவான சரக்கு என்று முடிவெடுப்பதற்கென்றே குழுக்கள் அமைக்கப்பட்டன. இசைத்தட்டின் உறை கூட இந்த ஆய்விலிருந்து தப்பவில்லை.

இதற்குமேல், இளைஞர்கள் கட்டாய ராணுவப் பணிக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஒரு டிரம்ஸ் கலைஞருக்கு அழைப்பாணை வந்தால், ஓராண்டுக்கும் மேலாக அந்தக் குழு வேறொருவரைத் தேட வேண்டும், அல்லது காத்திருக்க வேண்டும். அந்நாட்டு இசைக்குழுக்கள் அடிக்கடி உறுப்பினர்களை மாற்றியதற்கும் பாதியில் கலைந்ததற்கும் இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

*பெல்ஜியம் சென்று திரும்பிய குரல்*

கோர்டியின் கதையைப் புரிந்துகொள்ள, அதற்கு முந்தைய குழுவை அறிந்துகொள்வது அவசியம். ஸ்லாட்கோ மனோய்லோவிச் 1970-களின் முற்பகுதியில் 'டாஹ்' என்ற பெல்கிரேடு குழுவில் இருந்தார். 'மூச்சு' என்பது அப்பெயரின் பொருள். 1974-இல் வெளியான 'வெலிகி சிர்குஸ்' (பெரிய சர்க்கஸ்) அக்குழுவின் முதல் ஆல்பம்.

அடுத்து அவர்கள் எடுத்த முடிவு துணிச்சலானது. பெல்ஜியத்துக்குச் சென்று, பெயரை 'லேண்ட்' என்று மாற்றிக்கொண்டு, ஆங்கிலத்தில் பாடத் தொடங்கினர். 1975-இல் 'கூல் பிரீஸ்' என்ற ஆங்கில ஆல்பம் வெளிவந்தது.

இந்த வழியில் நடந்தவர்கள் அவர்கள் மட்டும் அல்லர். 1974 யூரோவிஷன் போட்டியில் யூகோஸ்லாவியாவின் சார்பில் பாடிய 'கோர்னி குரூப்பா' என்ற பெல்கிரேடு குழு, அதே ஆண்டு 'கோர்னிலியன்ஸ்' என்ற பெயரில் இத்தாலியில் ஓர் ஆங்கில ஆல்பத்தை வெளியிட்டது. சரயேவோவின் 'டிவ்லியே யாகோடே' குழு, 1980-களின் பிற்பகுதியில் தன் பெயரையே ஆங்கிலப்படுத்தி 'வைல்டு ஸ்ட்ராபெரீஸ்' என்று மேற்கத்திய சந்தைக்குள் நுழைய முயன்றது. பெயரை மாற்று, மொழியை மாற்று, எல்லையைக் கடந்து செல் என்ற இந்தச் சூத்திரம் மீண்டும் மீண்டும் பரிசோதிக்கப்பட்டது. யாருக்கும் அது நிலையான இடத்தைப் பெற்றுத் தரவில்லை.

டாஹ் குழுவினரும் நாடு திரும்பினர். பழைய பெயரில், தாய்மொழியில் 1976-இல் அவர்கள் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் 'பொவ்ரடாக்'. அதற்குப் பொருள் 'திரும்புதல்'. அந்த ஆல்பத்துக்குப் பின் டாஹ் கலைந்தது. அடுத்த ஆண்டு கோர்டி பிறந்தது. அந்த வகையில், தாய்மொழியில்தான் பாடுவது என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகே கோர்டி தொடங்கப்பட்டது எனலாம். அதன் பின் நான்கு ஆல்பங்களில் ஒலி மாறியது, உறுப்பினர்கள் மாறினர், தோற்றம் மாறியது. பாடும் மொழி மட்டும் மாறவில்லை.

*முதல் ஒலி: கீபோர்டு எழுப்பிய மாளிகை*

1970-களில் யூகோஸ்லாவிய ராக் இசையின் மதிப்புமிக்க பாணி புரோகிரசிவ் ராக். செவ்வியல் இசையின் கட்டமைப்பையும் ஜாஸ் இசையின் சுதந்திரத்தையும் ராக் இசைக்குள் கொண்டுவர முயன்ற பாணி அது. பாடல்கள் நீளமானவை. இடையில் தாளம் மாறும், வேகம் மாறும், பாடகர் ஒதுங்கிக்கொள்ள வாத்தியங்கள் நீண்ட உரையாடல் நடத்தும். ஒரு நீளிசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு இடமிருந்தது. சில குழுக்கள் அந்தப் பக்கம் முழுவதையும் ஒரே படைப்புக்கு ஒதுக்கின.

இந்த இசையின் அச்சாணி கீபோர்டு. ஹேமண்ட் ஆர்கனும் சிந்தசைசரும் பின்னணியில் ஒரு திரையைப் போல விரிந்து, கிட்டார் விட்டுச் சென்ற இடைவெளிகளை நிரப்பின. 1978-இல் வெளியான 'சோவெக்' இந்த மரபைச் சேர்ந்த ஆல்பம். ஹார்டு ராக் இசையின் வேகம் அதில் உண்டு. ஆயினும் கீபோர்டு அந்த வேகத்தைத் தணித்து, அகலமாக்கி, கம்பீரமாக்கியது.

அக்காலத்தில் யூகோஸ்லாவியாவின் பிற முன்னணிக் குழுக்கள் தத்தமக்கென ஓர் அடையாளத்தைப் பெற்றிருந்தன. 'யூ குரூப்பா' பால்கன் நாட்டுப்புற இசையை ஹார்டு ராக் இசையுடன் கலந்தது. கிராகுயேவாட்ஸ் நகரின் 'ஸ்மாக்' குழு, கிட்டார் கலைஞர் ராடோமிர் மிஹாய்லோவிச்சின் விரல் திறமையால் அறியப்பட்டது. சரயேவோவின் 'பியேலோ டுக்மே' கிராமிய மெட்டுகளை அரங்குகளுக்குக் கொண்டுவந்து நாடு முழுவதும் கூட்டத்தைச் சேர்த்தது. இந்த வரிசையில் கோர்டி சற்றே தாமதமாக வந்து சேர்ந்த குழு. புரோகிரசிவ் ராக் இசை உலகெங்கும் பின்வாங்கத் தொடங்கிய நேரத்தில் அது தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது.

1979-இல் வந்த 'கோர்டி 2' இந்த நெருக்கடிக்கான முதல் பதில். அதில் குழு ஹார்டு ராக் இசையின் பக்கம் மேலும் நெருங்கியது. ஒரு பாணியிலிருந்து மற்றொன்றுக்குப் பாலம் கட்டும் ஆல்பம் அது. பாலங்களுக்கு நேரும் கதியே அதற்கும் நேர்ந்தது. கடந்து சென்றவர்கள் இரு கரைகளை நினைவில் வைத்துக்கொண்டனர், பாலத்தை மறந்துவிட்டனர்.

*பிரிட்டனில் இருந்து வந்த இடி*

1979 - 1981 காலகட்டத்தில் பிரிட்டனில் ஹெவி மெட்டல் இசை புத்துயிர் பெற்றது. 1980-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டாலே அதன் வீச்சு விளங்கும். அயர்ன் மெய்டன் குழுவின் முதல் ஆல்பம், ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் 'பிரிட்டிஷ் ஸ்டீல்', சாக்சன் குழுவின் 'வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்', மோட்டர்ஹெட் குழுவின் 'ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்' ஆகிய அனைத்தும் அந்த ஒரே ஆண்டில் வெளியானவை. இவற்றுள் மோட்டர்ஹெட் மூன்று பேரை மட்டுமே கொண்ட குழு. ஓர் அரங்கை அதிரவைக்க மூவர் போதும் என்பதற்கு அதுவே சாட்சியாக இருந்தது.

கோர்டியும் மூவராகச் சுருங்கியது. கிட்டாரிலும் குரலிலும் ஸ்லாட்கோ மனோய்லோவிச், பேஸ் கிட்டாரில் ஸ்லோபோடான் ஸ்வர்ட்லான், டிரம்ஸில் செடோமிர் பெட்ரோவிச் என்று அணி அமைந்தது. கீபோர்டுக்கு அதில் இடமில்லை. தோற்றமும் தோல் உடை, உலோகப் பொத்தான்கள் என்று மாறியது.

*கீபோர்டு போனால் என்ன மாறும்?*

ஒரு வாத்தியத்தை நீக்குவது எளிதான காரியமாகத் தோன்றலாம். உண்மையில் அது இசையின் உள்கட்டமைப்பையே மாற்றிவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள இந்திய இசை அறிந்தோருக்கு ஒரு குறுக்குவழி உண்டு.

மேற்கத்திய இசையின் அடிப்படைச் சுரக்கூட்டில் மூன்று சுரங்கள் உண்டு. நம் கணக்கில் அவற்றை ஸட்ஜம், காந்தாரம், பஞ்சமம் எனலாம். நடுவில் உள்ள காந்தாரமே கூட்டின் மனநிலையைத் தீர்மானிக்கிறது. அது அந்தர காந்தாரமாக இருந்தால் கூட்டு மலர்ச்சியாகவும், சாதாரண காந்தாரமாக இருந்தால் சோகமாகவும் ஒலிக்கும். பத்து விரல்களால் வாசிக்கப்படும் கீபோர்டு, இந்த மூன்று சுரங்களையும் அவற்றுக்கு மேலும் பல சுரங்களையும் தெளிவாகத் தாங்கி நிற்கும்.

ஹெவி மெட்டல் கிட்டார் வேறு விதமாக இயங்குகிறது. ஒலிபெருக்கி அதன் அளவை மீறித் தூண்டப்படுவதால் ஒலி கரகரப்பாகிறது. அந்தக் கரகரப்பில் மூன்று சுரங்களை ஒன்றாக மீட்டினால் அவை ஒன்றோடொன்று மோதிச் சகதியாகிவிடும். ஆகவே கலைஞர்கள் காந்தாரத்தை விட்டுவிட்டு ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் மீட்டுகின்றனர். 'பவர் கார்டு' என்று அழைக்கப்படும் இந்த இணைதான் மெட்டல் இசையின் செங்கல். நம் தம்புராவின் சுருதியும் இதே ஸட்ஜ - பஞ்சம இணைதான் என்பது குறிப்பிடத்தக்கது. அங்கே அது அமைதியான அடித்தளம். இங்கே அதே இணை கரகரப்பில் தோய்ந்து சுவராக எழுகிறது.

காந்தாரம் விலகியதும் இசை மகிழ்ச்சியா, சோகமா என்று சொல்வதை நிறுத்திவிடுகிறது. எஞ்சுவது வலிமை மட்டுமே. மனநிலையை உணர்த்தும் பொறுப்பு முழுவதும் பாடகரின் குரலுக்கும் கிட்டாரின் தனி ஆவர்த்தனத்துக்கும் வந்து சேர்கிறது. கிட்டார் தனியாக மேலெழும்போது, கீழே சுரக்கூட்டைத் தாங்க வேறு கிட்டாரும் இல்லை, கீபோர்டும் இல்லை. அந்த வெற்றிடத்தைப் பேஸ் கிட்டார்தான் நிரப்ப வேண்டும். மூவர் குழுவில் பேஸ் கலைஞர் பின்னால் ஒதுங்கி நிற்க முடியாததற்குக் காரணம் இதுவே.

'பாக்லெனி டிரியோ' ஆல்பத்தைக் கேட்கையில் இந்த மாற்றம் காதில் உடனே படுகிறது. முன்பு கீபோர்டு நிரப்பிய இடங்கள் இப்போது வெறுமையாக விடப்பட்டுள்ளன, அல்லது பேஸின் உறுமலால் நிரம்பியுள்ளன. பாடல்கள் நேரடியாகத் தொடங்குகின்றன. வேகம் கூடியிருக்கிறது. யூகோஸ்லாவியாவில் வெளிவந்த முதல் முழுமையான ஹெவி மெட்டல் ஆல்பங்களில் ஒன்றாக இது கருதப்படுகிறது. அடுத்த ஆண்டு வந்த 'கிரால்யிட்சா ஸ்மர்ட்டி' அதே பாதையில் பயணித்தது.

*உயிரெழுத்து இல்லாத சொற்களின் வலிமை*

தாய்மொழியில் பாடுவது என்ற முடிவுக்கு இந்தப் புதிய ஒலி ஓர் எதிர்பாராத நியாயத்தைத் தேடித் தந்தது.

'மரணம்' என்பதைக் குறிக்கும் செர்பியச் சொல்லைத் தமிழில் எழுதும்போது 'ஸ்மர்ட்' என்று எழுத நேர்கிறது. நம் எழுத்தில் 'ம' என்ற உயிர்மெய் இல்லாமல் அதை உச்சரிக்கவே இயலாது. ஆனால், செர்பிய மொழியில் அச்சொல்லில் உயிரெழுத்தே கிடையாது. நான்கு மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றுள் ரகர மெய் உயிரெழுத்தின் பணியை ஏற்று அசையைத் தாங்குகிறது. 'இரத்தம்' என்பதைக் குறிக்கும் சொல்லும் அவ்வாறே மூன்று மெய்களால் ஆனது. நாட்டின் பெயரே அம்மொழியில் முதல் அசையில் உயிரெழுத்து இன்றித்தான் எழுதப்படுகிறது.

மென்மையான நீண்ட மெட்டுகளுக்கு இத்தகைய சொற்கள் தடையாக அமையலாம். குறுகிய, வெட்டி நிறுத்தப்படும் கிட்டார் தொடர்களுக்கு அவை இயல்பாகப் பொருந்துகின்றன. டிரம்ஸின் அடியும் சொல்லின் அடியும் ஒரே இடத்தில் விழுகின்றன. ஹெவி மெட்டல் என்றாலே ஆங்கிலம் என்று பலரும் எண்ணியிருந்த காலத்தில், செர்பிய மொழியின் கரடுமுரடான மெய்யொலிகளே அந்த இசைக்கு ஏற்ற கருவி என்பதைக் கோர்டி செய்து காட்டியது. பின்னர் வந்த உள்ளூர் மெட்டல் குழுக்கள் பல, தாய்மொழியில் பாடத் தயங்காததற்கு இந்த முன்னுதாரணம் துணைநின்றது.

*நகரம் வேறு திசையில் சென்றது*

கோர்டி தன் கனமான ஒலியைக் கண்டடைந்த நேரத்தில் பெல்கிரேடு வேறொரு மனநிலையில் இருந்தது. 1980 மே 4-ஆம் தேதி டிட்டோ காலமானார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாட்டை ஒன்றாகப் பிடித்திருந்த கை தளர்ந்த அந்தச் சூழலில், இளைஞர்களின் கவனத்தைப் புதிய அலை இசை கவர்ந்தது. ஷார்லோ அக்ரோபாட்டா, எலெக்ட்ரிச்னி ஆர்காசம், இடோலி ஆகிய பெல்கிரேடு குழுக்களும், ஜாக்ரெப் நகரின் அஸ்ரா, ஃபிலிம், ஹவுஸ்டர் ஆகிய குழுக்களும் அன்றாட நகர வாழ்வையும் அரசியலையும் நையாண்டியோடு பாடின.

விமர்சகர்களின் பார்வையில் புதிய அலை என்பது அறிவார்ந்த இளைஞர்களின் இசை. தோல் உடையும் நரகப் படிமங்களும் கொண்ட ஹெவி மெட்டல், அவர்களுக்குக் காலம் கடந்த ஒன்றாகத் தோன்றியது. புரோகிரசிவ் ராக் ரசிகர்களுக்கோ, கீபோர்டை இழந்த கோர்டி ஏற்கெனவே அந்நியமாகிவிட்டது. பழைய ரசிகர்களை இழந்து, புதிய போக்கோடும் சேராமல், தானே திரட்டிய ஒரு சிறு கூட்டத்தை மட்டுமே நம்பி ஒரு குழு நின்றது. ஒலியை மாற்றியதற்குக் கோர்டி கொடுத்த விலை இதுதான்.

பொருளாதாரமும் கைகொடுக்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் யூகோஸ்லாவியாவின் வெளிநாட்டுக் கடன் சுமார் 2,000 கோடி டாலரை எட்டியது. பெட்ரோல் கூப்பன் முறையில் விநியோகிக்கப்பட்டது. காபித்தூளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. மின்வெட்டுகள் வழக்கமாயின. 1982-இல் வெளிநாடு செல்வோர் முன்வைப்புத் தொகை செலுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது. மின்சாரத்தையும் இறக்குமதிச் சாதனங்களையும் நம்பி வாழும் ஓர் இசைக்கு இதைவிடக் கடினமான காலம் அமைந்திருக்க முடியாது. நான்காவது ஆல்பத்துக்குப் பின் கோர்டியிடமிருந்து புதிய ஆல்பம் வரவில்லை. குழு கலைந்த பிறகும் மனோய்லோவிச் தனிக் கலைஞராக இசைப்பயணத்தைத் தொடர்ந்தார்.

*விதை எங்கே முளைத்தது?*

கோர்டி ஓய்ந்தபோது யூகோஸ்லாவிய மெட்டல் இசை ஓயவில்லை. 1981-இல் நிஷ் நகரில் தோன்றிய 'கெர்பெர்' குழு, கனமான கிட்டாருடன் கீபோர்டையும் இணைத்துப் பரந்த ரசிகர்களைப் பெற்றது. சரயேவோவில் உருவான 'போம்பார்டெர்' குழு, மெட்டல் இசையின் வேகத்தை மேலும் பல மடங்கு கூட்டியது. பின்னர் அக்குழு பெல்கிரேடில் நிலைகொண்டது.

1990-களில் நாடு போரில் சிதறியது. 1992-இல் ஐ.நா. பொருளாதாரத் தடைகளை விதித்தது. 1993-இல் பணவீக்கம் வரலாறு காணாத உச்சத்தைத் தொட்டது. வானொலியையும் தொலைக்காட்சியையும் 'டர்போ ஃபோக்' என்ற நாட்டுப்புறக் கலவை இசை ஆக்கிரமித்தது. கிட்டார் இசை மீண்டும் சிறு அரங்குகளுக்குள் ஒதுங்கியது.

2000-ஆம் ஆண்டு, பெல்கிரேடுக்கு அருகில் டான்யூப் நதிக்கரையில் உள்ள ஸ்மெடெரெவோ நகரில் பிராங்கோவிச் சகோதரர்கள் 'அலோகியா' என்ற குழுவைத் தொடங்கினர். இரு சகோதரர்களும் கிட்டார் கலைஞர்கள். 2002-இல் வெளியான அவர்களின் முதல் ஆல்பமான 'பிரிச்சே ஓ விரேமெனு' (காலத்தைப் பற்றிய கதைகள்) செர்பிய மொழியில் பாடப்பட்டது. அதில் மெட்டலின் கனமும் இருந்தது, புரோகிரசிவ் இசையின் சிக்கலான கட்டமைப்பும் இருந்தது, கீபோர்டும் இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு கோர்டி இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றொன்றைக் கைவிட நேர்ந்த இரு ஒலிகளும் அங்கே ஒரே மேடையில் சேர்ந்தன.

அலோகியாவும் 2005-இல் ஓர் ஆங்கில ஆல்பத்தை வெளியிட்டது. பெல்ஜியத்துக்குச் சென்ற டாஹ் குழு எதிர்கொண்ட கேள்வி, சிறிய மொழியில் பாடும் எந்தக் குழுவையும் இன்றுவரை விட்டுவைக்கவில்லை என்பதற்கு அது சான்று. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அலோகியா தன் பெயரையோ ஊரையோ மாற்றிக்கொள்ளவில்லை.

*எஞ்சியிருப்பது என்ன?*

கோர்டி பாடிய நாடு இன்று வரைபடத்தில் இல்லை. அதன் இசையை வெளியிட்ட துறையும் எல்லைகளால் பிரிக்கப்பட்டுவிட்டது. யூகோட்டன் இன்று 'குரோவேஷியா ரெக்கார்ட்ஸ்' என்ற பெயரில் ஜாக்ரெப்பில் இயங்குகிறது. பெல்கிரேடின் நிறுவனம் 'பி.ஜி.பி.-ஆர்.டி.எஸ்.' ஆகிவிட்டது. அன்று ஒரே நாட்டின் கடைகளில் அருகருகே அடுக்கப்பட்டிருந்த இசைத்தட்டுகளின் மூலப் பதிவுகள், இன்று இரு வேறு நாடுகளின் காப்பகங்களில் உள்ளன. பழைய யூகோஸ்லாவிய இசைத்தட்டுகளைத் தேடி அலையும் சேகரிப்பாளர்களிடையே கோர்டியின் பெயருக்கு இன்றும் மதிப்பு உண்டு.

ஓர் இசைக்குழு தன் ஒலியை மாற்றும்போது, அது சந்தைக்குப் பணிந்துவிட்டது என்ற குற்றச்சாட்டு எழுவது வழக்கம். கோர்டியின் விஷயத்தில் அந்தக் கணக்கு தலைகீழாகிறது. 1981-இல் பெல்கிரேடு சந்தையில் விலைபோனது புதிய அலை. கோர்டி அதைத் தேர்ந்தெடுக்காமல் தனக்குப் பிடித்த கனத்தைத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தேர்வு குழுவை நீண்ட காலம் வாழவைக்கவில்லை. ஆயினும், செர்பிய மொழியில் ஹெவி மெட்டல் பாட முடியுமா என்ற ஐயத்துக்கு, அதன்பின் வந்த எந்தக் குழுவும் புதிதாக விடை தேட வேண்டிய தேவை எழவில்லை.